சேற்றில் இறங்கிய கம்பு



சென்ற ஆண்டு உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியருடன் பேசுவதற்காக நம் கல்லூரிக்கு வந்திருந்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை எழுந்து கேட்டார்: “ராத்தா, பௌதிகவியலில் கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் பெரிய நாடுகளில் பெரிய இயந்திரங்களை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். நாங்கள் அதில் புதிதாக என்ன செய்யலாம்?” பாட முடிவு மணி அடித்துவிட்டதால் அரைகுறையாக ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலையும் சொல்லச் சஞ்சிகைக் குழுவினர் இப்போது இடம் தந்திருக்கிறார்கள். நான் முதுவிஞ்ஞானமாணிப் பட்டத்துக்காகப் பனிச்சங்கேணிக் களப்பில் செய்த சிறிய ஆய்வுதான் அந்தப் பதில். அதில் நான் விட்ட ஒரு பெரிய பிழையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது?

முதுமாணிப் படிப்பில் பாடங்கள் முடிந்ததும் ஓர் ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும். இளமாணி வரை நாம் செய்யும் செயன்முறைகளுக்கு விடை முன்பே தெரியும். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டால் 9.8க்குக் கிட்ட வர வேண்டும். வராவிட்டால் பிழை நம்முடையது. ஆய்வில் அப்படி இல்லை. விடை எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இருக்காது. அந்த வேறுபாடு எனக்குப் பயத்தைத் தந்தது. முந்திய ஆண்டு யாரோ செய்த ஆய்வையே கொஞ்சம் மாற்றிச் செய்துவிடலாம் என்று தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். உண்மையைச் சொன்னால், ஒரு வாரம் அந்த யோசனையோடுதான் இருந்தேன்.

பிறகு நினைவுக்கு வந்தது வாப்பாவின் தொழில். எங்கள் ஊர் ஓட்டமாவடி. வாப்பா இறால், மீன் வாங்கி விற்பவர். சின்ன வயதில் அவரோடு வாகரைப் பக்கம் போகும்போது பனிச்சங்கேணிப் பாலத்தடியில் இறங்கி நிற்போம். கண்டல் மரங்களுக்கு நடுவே விரிந்து கிடக்கும் களப்பு, பாலத்தைத் தாண்டி ஒடுங்கிக் கடலோடு சேரும். அங்கே தோணி வைத்திருந்த ஒரு தமிழ் ஐயா வாப்பாவிடம் அடிக்கடி ஒன்று சொல்வார்: “கடல் வத்தத் தொடங்கினாலும் உள்ளுக்குத் தண்ணி இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.” எந்த நேரத்தில் வலை போடுவது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.

கடல் இறங்கும்போது களப்பு ஏன் ஏற வேண்டும்? எவ்வளவு நேரம் பிந்துகிறது? அந்த நேரம் எல்லா நாளும் ஒன்றுதானா? இந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி என் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பெண் விரிவுரையாளர். தாளை வாசித்துவிட்டு, முதல் இரண்டையும் கோடிட்டு, மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டார். “முதலாவதற்குப் பதில் உனக்கே தெரியும். இரண்டாவது ஓர் அளவீடு மட்டும். மூன்றாவதுதான் ஆய்வு” என்றார்.

பாடப்புத்தகத்தில் உள்ள பதில்

முதலாவதன் பதில் உங்களுக்கும் தெரியும். ஆடலோட்டத்தில் தடையும் கொள்ளளவியும் தொடராக இணைந்த சுற்றை நினைத்துப் பாருங்கள். கடலின் வற்றுப்பெருக்குத்தான் மின்முதல். ஒடுங்கிய களப்பு வாய், நீரோட்டத்துக்குத் தடை. அகன்ற களப்பு, நீரைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி. கடல்மட்டம் களப்பு மட்டத்தைவிட உயரமாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகும். கடல் தன் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பிறகும் அது களப்பைவிட உயரமாகவே இருக்கும். அதனால் களப்பு ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு மட்டங்களும் சமமாகும் கணத்தில்தான் களப்பு உச்சத்துக்கு வருகிறது. தோணிக்கார ஐயா சொன்னது இதுதான்.

நம் கிழக்குக் கரையில் நாளொன்றுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்கு ஏறத்தாழ 12 மணித்தியாலம் 25 நிமிடம். தடை மாறாதது என்று வைத்துக்கொண்டால், சுற்றுச் சமன்பாடு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. ஒன்று, களப்பு எவ்வளவு பிந்தினாலும் ஓர் ஆவர்த்தனத்தின் கால் பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 3 மணித்தியாலம் 6 நிமிடத்துக்கு மேல், பிந்தாது. மற்றது, பிந்தும் நேரத்தைக் கோணமாக மாற்றினால் அதன் கோசைன்தான் களப்பின் வீச்சத்துக்கும் கடலின் வீச்சத்துக்கும் உள்ள விகிதம். ஒரு களப்பு 2 மணித்தியாலம் பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 58 பாகை. அதன் கோசைன் 0.53. அப்படியானால் உள்ளே நீர் ஏறி இறங்கும் அளவு, வெளியே உள்ளதில் பாதிக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். நேரத்தை ஒரு கடிகாரமும் உயரத்தை ஓர் அளவுகோலும் தனித்தனியே அளக்கின்றன. இரண்டும் ஒத்துப்போனால் நம் சுற்று சரி. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ புதிதாக ஒன்று இருக்கிறது.

இந்தச் சமன்பாட்டை நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்து இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கியூலிகன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1967ஆம் ஆண்டிலேயே கடலோடு ஒடுங்கிய வாயால் இணைந்த நீர்நிலைகளைப் பற்றி இதைவிட ஆழமாக எழுதிவைத்திருக்கிறார் என்று. மனம் சோர்ந்துவிட்டது. மேற்பார்வையாளரோ சிரித்தார். “அவர் உன் களப்புக்கு வந்தாரா?” என்று கேட்டார். அன்று ஒன்று விளங்கியது. சமன்பாடு பழையதாக இருக்கலாம்; அதை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பது புதிய வேலைதான்.

கருவிகளும் காவலும்

கருவிகள் மிக எளியவை. சென்ரிமீற்றர் கோடிட்ட இரண்டு கம்புகள், இரண்டு பீ.வீ.சீ. குழாய்கள், இரண்டு கைபேசிக் கடிகாரங்கள், இரண்டு அப்பியாசக் கொப்பிகள்.

குழாய் எதற்கு என்று கேட்பீர்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. காற்றடித்தால் சிற்றலைகளே பல சென்ரிமீற்றர் ஏறி இறங்கும். கம்பில் எதை வாசிப்பது? குழாயின் அடியை அடைத்து ஒரு சிறிய துளை மட்டும் போட்டுத் தண்ணீரில் நிறுத்தினால், உள்ளே நீர் அசையாமல் நிற்கும். சில வினாடிகளில் வந்து போகும் சிற்றலைக்குத் துளை வழியே குழாயை நிரப்ப நேரம் போதாது. மணிக்கணக்கில் ஏறும் பெருக்குக்குப் போதும். கொஞ்சம் யோசித்தால் அந்தக் குழாயே ஒரு சின்னக் களப்பு, அந்தத் துளையே அதன் வாய் என்பது புரியும். நான் ஆராய வந்த பௌதிகவியல்தான் என் கருவிக்குள்ளும் வேலை செய்தது. அந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி அது.

அடுத்தது வீட்டுப் பிரச்சினை. களப்பு ஓரத்தில் இரவு தங்க உம்மா சம்மதிக்கவில்லை. நானும் அதைக் கேட்கத் துணியவில்லை. வழியைக் கணக்கே காட்டியது. ஓர் ஆவர்த்தனம் 12 மணித்தியாலம் 25 நிமிடம்தானே? காலை 5.30க்குத் தொடங்கி மாலை 6.30க்கு முடித்தால் ஒரு முழு ஆவர்த்தனம் 13 மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். பெருக்கு நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு கட்டத்தில் தொடங்கும். வாப்பா சுபஹுத் தொழுகை முடிந்ததும் என்னையும் தம்பியையும் கொண்டுபோய் விடுவார், மாலையில் கூட்டிவருவார். தம்பி வாய்க்கு வெளிப்புறம், அலை நேரே அடிக்காத ஓரத்தில்; நான் களப்பின் உட்புறம். பத்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு. மழையும் வெள்ளமும் கணக்கைக் குழப்பாதிருக்க, கிழக்கில் மழை குறைந்த ஆடி, ஆவணி மாதங்களைத் தெரிவு செய்தோம்.

கம்பு இறங்கியது

முதல் மூன்று நாள் வாசிப்புகளை வரைபாக வரைந்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. களப்பு மட்டம் பெருக்கோடு ஏறி இறங்கியது மட்டுமல்ல. ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து மாலைக்குள் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டும் போனது. மூன்று நாளும் அப்படியே. சமன்பாட்டில் இல்லாத ஒன்று! களப்பு உள்வாங்கும் நீர் முழுதும் வெளியே போவதில்லை, வாய் ஒரு வழிப்பாதை போல இயங்குகிறது என்று ஒரு விளக்கமும் எழுதிவிட்டேன். ஆய்வேட்டின் முன்னுரைக்குக்கூட அழகான வாக்கியங்கள் தயாராகிவிட்டன.

நான்காம் நாள் தோணியில் வந்த ஐயா என் பக்கத்தில் நிறுத்தி, கம்பையே சற்று நேரம் பார்த்தார்.

“மகள், இந்தக் கம்பு நேத்து இதைவிட உயரமா நிண்டதெல்லோ?”

“இல்லையே ஐயா, நான் அதைத் தொடவே இல்லையே.”

“நீங்க தொட வேணாம். சேறு தானா இழுக்கும்.”

தொட்டுப் பார்த்தேன். கம்பு அசைந்தது. கையை வைத்து அழுத்தியதும் இன்னும் இறங்கியது. தண்ணீர் உயரவில்லை; கம்புதான் தாழ்ந்துகொண்டிருந்தது. கம்பு ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் வாசிப்பு ஒரு சென்ரிமீற்றர் ஏறும். நான் தினமும் காலையில் கம்பை நேராக்கி, மேலே இழுத்து நிறுத்திவிட்டே தொடங்குவேன். அதனால்தான் மூன்று நாளும் ஒரே மாதிரியான ‘உயர்ச்சி’ கிடைத்தது. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்ததை நான் உறுதியான சான்று என்று நம்பியிருந்தேன்.

அன்று இரவு வீட்டில் வந்த எண்ணத்தை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். கம்பு சீராக இறங்கியது என்று வைத்துக்கொண்டு, ஒரு நேர்கோட்டை வரைந்து அந்த அளவைக் கழித்துவிட்டால் மூன்று நாள் உழைப்பும் மிஞ்சும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வரைபும் கண்ணுக்கு அழகாக இருந்தது. மறுநாள் மேற்பார்வையாளரிடம் இரண்டையும் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சீராக இறங்கியது என்பது உனக்கு எப்படித் தெரியும்?” எனக்குத் தெரியாது. அவ்வளவுதான், மூன்று நாளும் போயிற்று. அந்த வாசிப்புகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில், நடந்ததைச் சொல்லி அப்படியே சேர்த்தேன், கணிப்பில் சேர்க்கவில்லை.

பிறகு கம்பைச் சேற்றில் நடுவதை விட்டு, நீரோரத்தில் இருந்த பழைய கொங்கிறீற் கட்டை ஒன்றோடு கட்டினோம். கரை மரத்தில் ஓர் ஆணி அடித்து, கொத்தனார்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால் காலையும் மாலையும் கம்பின் மட்டத்தை அந்த ஆணியோடு ஒப்பிட்டோம். உள்ளேயும் வெளியேயும் உள்ள இரண்டு கம்புகளின் பூச்சியத்தை ஒன்றாக்குவதற்குக் களப்பே உதவியது. வாயில் ஓட்டம் நின்று திரும்பும் கணத்தில் இரண்டு மட்டமும் சமம் என்று முன்பே சொன்னேன் அல்லவா? பாலத்தடியில் ஒரு காய்ந்த இலையைப் போட்டு, அது எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும் நேரத்தைக் குறித்தோம். அந்த நேரத்து இரண்டு வாசிப்புகளும் ஒரே உயரத்துக்கு உரியவை. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இருவர் கதை

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவை இரண்டு பேரின் கதைகள்.

ஒருவர் சி. வி. ராமன். 1906ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் முதுமாணி மாணவராக இருந்தவர். திருசியமானியில் அரியத்தின் கோணத்தை அளப்பது நம் உயர்தர மாணவியரும் செய்யும் சாதாரணச் செயன்முறை. அதைச் செய்யும்போது, சாய்வாக விழும் ஒளியின் விளிம்பில் தோன்றும் வரிகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதை அவர் கவனித்தார். கேட்ட அளவீட்டை முடித்துக் கொப்பியை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. அந்த ஒழுங்கின்மையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அந்த ஆண்டு நவம்பரில் இலண்டனின் ‘பிலசோபிக்கல் மகசின்’ இதழில் வெளியாயிற்று. 1888 நவம்பரில் பிறந்த அவருக்கு அப்போது வயது 18. 1930இல் நோபல் பரிசு பெற்ற ராமனை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவர் அந்தப் பதினெட்டு வயது மாணவர். எல்லோரும் பார்த்த கருவியில் எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைப் பார்த்தவர் அவர்.

மற்றவர் அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். அவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்தான். 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூரில் ராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து, வைரங்களும் மாணிக்கங்களும் வெளியிடும் மங்கிய ஒளியை ஆராய்ந்தார். திரவ வளியால் குளிரூட்டப்பட்ட கல்லிலிருந்து வரும் அந்த மங்கிய ஒளியைப் புகைப்படத் தட்டில் பதிக்கச் சில வேளைகளில் 15 முதல் 20 மணித்தியாலம் எடுத்தது. இரவு முழுதும் ஆய்வுகூடத்திலேயே இருந்திருக்கிறார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகளைத் தனியாக எழுதினார். 1945இல் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கவில்லை.

அவர் அதோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948இல் திரும்பி இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவும், செய்த கருவிகளைச் சரிபார்க்கவும் வழி வகுத்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். 1976இல் ஓய்வு பெற்ற பிறகும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்து நூல்களாகத் தந்தார். பிழையான அளவீடு இருப்பதைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவர் விடாது பிடித்த கொள்கை. கம்பு சேற்றில் இறங்கிய அன்று அதைப் படித்திருந்தால், நேர்கோடு வரைய என் கை போயிருக்காது.

முதுமாணிப் பட்டம் இல்லாமலே உண்மையான ஆய்வைச் செய்தவர் அவர். பட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே கம்பின் பிழையை மறைக்கப் பார்த்தவள் நான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

கிடைத்தது என்ன?

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிந்தும் நேரம் எல்லா நாளும் ஒன்றுதானா? புதிதாக எடுத்த வாசிப்புகள் என் கோசைன் கோட்டின் மேல் ஒழுங்காக அமரவில்லை. இந்த முறை உடனே மகிழவில்லை. முதலில் கம்பைப் பார்த்தேன், பிறகு ஆணியை, பிறகு கடிகாரங்களை. எல்லாம் சரி. அதன் பின்னர்தான் காரணத்தைத் தேடினேன்.

காரணம் என் எடுகோளில் இருந்தது. கம்பியில் மின்னோட்டம் இரட்டித்தால் அழுத்த வேறுபாடும் இரட்டிக்கும். ஆனால் ஒடுங்கிய வாயில் ஓடும் நீருக்கு உராய்வு, கதியின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஓட்டம் இரட்டித்தால் அதற்கு நான்கு மடங்கு மட்ட வேறுபாடு வேண்டும். ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெருக்கு பெரிதாக இருக்கும் நாட்களில் வாயின் ‘தடை’யும் அதிகம், களப்பு அதிகம் பிந்தும். சிறிய பெருக்கு நாட்களில் குறைவாகப் பிந்தும். எங்கள் கம்புகள் காட்டியதும் அந்தத் திசையைத்தான். பாடப்புத்தகத்துச் சுற்று எங்கே வரை சரி, எங்கே உடைகிறது என்பதை ஓர் இடத்தில், ஒரு பருவத்தில், என் வழு எவ்வளவு என்று சேர்த்தெழுதிச் சொன்னேன். என் ஆய்வு இவ்வளவுதான்.

ஐயாவிடம் போய்ச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “பறுவத்துக்கு லேட்டாத்தான் திரும்பும், தெரியுமே” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் காரணமும் அளவும் தெரிந்தன. ஆய்வேட்டின் நன்றியுரையில் முதலில் எழுதியது அவருக்கு. கம்பைப் பார்த்த கண் அவருடையது.

தங்கைக்கு என் பதில்

பின்வரிசைத் தங்கையே, நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். புதிய ஆய்வு என்பதற்குப் பெரிய இயந்திரம் கட்டாயமில்லை. விடை தெரியாத ஒரு சிறிய கேள்வி, அதை நீங்களே அளக்கும் ஒரு வழி, அந்த அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று நீங்களே சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் பலர் தேடிக்கொள்கிறார்கள். மூன்றாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சேற்றில் நட்ட கம்புதான்.

ஒரு வேலை தருகிறேன். ஒரு வெற்றுப் போத்தலின் அடியில் ஊசித் துளை இடுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, மிதக்காதபடி கையால் பிடித்து ஒரு வாளித் தண்ணீரில் நேராக நிறுத்துங்கள். வாளியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி மட்டத்தை உயர்த்தி, போத்தலுக்குள் நீர் பிந்தி ஏறுவதைக் கடிகாரத்தோடு பாருங்கள். துளையைப் பெரிதாக்கி மீண்டும் பாருங்கள். வாசிப்புகளை எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ‘இதில் நான் பிழை விட்டிருக்கக்கூடிய இடம் இது.’ அடுத்த முறை கல்லூரிக்கு வரும்போது அந்தக் கொப்பியை நான் கேட்பேன். முதலில் அந்த வரியைத்தான் வாசிப்பேன்.